கூப்பிடாத கீப்பர்

என்னைக் கால்பந்து ஆட அனுப்பியவர் அப்பாவுடைய வக்கீல். சிரிக்காதீர்கள், சத்தியமாகச் சொல்கிறேன். அதுவரைக்கும் நான் பந்தைத் தொட்டது, யாராவது அதை வாய்க்காலுக்குள் அடித்துவிட்டு என்னை எடுத்துத் தரச் சொன்னபோது மட்டும்தான்.

குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊருக்கு முன்னால் ரோட்டை ஒட்டி, தாத்தா விட்டுப்போன நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அப்பாவும் பெரியப்பாவும் அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிப்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம்தான். ரோட்டுப் பக்கத்துப் பாதி யாருக்கு என்பதில் வந்தது வினை. மூத்தவன் எனக்குத்தான் என்றார் பெரியப்பா. இத்தனை வருஷம் அதில் சேறு மிதித்தவன் நான் என்றார் அப்பா. ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் பெரியம்மாவும் நடுவில் விழுந்து தடுத்தார்கள். அடுத்த வாரமே கோர்ட். தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் நிலத்தில் இறங்கக் கூடாது என்று தடை உத்தரவு போட்டார்கள். விளைந்த நஞ்சை தரிசாகக் கிடந்தது.

எங்கள் பக்கம் நல்ல நிலம் ஒன்று தரிசாகக் கிடந்தால் ஊரே உச்சுக்கொட்டும். எங்கள் ஊர்ப் பையன்கள் உச்சுக்கொட்டவில்லை. மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் கோல் போஸ்ட் நட்டுவிட்டார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. டெல்டாவில் பந்து ஆடுவதென்றால் அறுப்பு முடிந்து தாள் காய்ந்த வயலில்தான் ஆட வேண்டும். அதிலும் அறுப்புக்கு முன்னாலேயே உளுந்து தெளித்துவிடுவார்கள். முளைத்த உளுந்தில் பந்தோடு இறங்கினால் வயல்காரன் கம்போடு வருவான். மற்ற மாதமெல்லாம் எங்கே பார்த்தாலும் தண்ணீரும் பயிரும். சுற்று வட்டாரத்தில் ஐப்பசி மழை விட்ட மறுநாளே பந்து உருட்ட இடம் வைத்திருந்த ஒரே ஊர் எங்கள் ஊர்தான். அந்தப் புண்ணியம் என் அப்பாவையும் பெரியப்பாவையும் சேரும்.

டீமுக்குக் கேப்டன், உரக்கடையில் வேலை பார்த்த ஒருத்தர். எங்களைவிடக் கொஞ்சம் பெரியவர், வாய் மட்டும் ரொம்பப் பெரியது. அப்பா ஒரு தடவை கிரவுண்டுக்கு வந்து, கோர்ட் உத்தரவு இருக்கிற நிலத்தில் எப்படி இறங்கலாம் என்று சத்தம் போட்டார்.

"உங்க ரெண்டு பேரும் இறங்கக் கூடாதுன்னுதான் உத்தரவு மாமா. பந்து இறங்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றார் கேப்டன்.

இதில் முதல் நாளே போய்க் கீப்பராக நின்றவன் என் அண்ணன். பெரியப்பா மகன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, அவனுக்கும் இல்லை. ஒரே கொசுவலைக்குள் படுத்து வளர்ந்தோம். நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் அவன் போட்டுக் கழித்த சட்டையைத்தான் போட்டேன், அதுவும் சண்டை போட்டுப் பிடுங்கித்தான். கேஸ் போட்ட அன்றைக்கு அவன் என்னிடம் பேசுவதை நிறுத்தினான். பெரியப்பா அவன் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அந்த வீட்டு ஆட்களோடு பேசினால் நான் செத்த மாதிரி என்று. பெரியப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு. ரேஷன் கடையில் யாரும் பார்க்காத நேரத்தில் பெரியம்மா அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்.

அண்ணன் தினமும் அந்த நிலத்தில் நிற்கிறான் என்று வக்கீல் காதுக்குப் போனது. அவர் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். "அவங்க பையன் டெய்லி அங்க நிக்கிறான், உங்க பையனக் காணும். நாளைக்கு நிலம் எங்க கையிலதான் இருக்கு, அனுபோகம் எங்களோடதுன்னு அவங்க கோர்ட்ல எழுந்து சொன்னா நான் என்னத்தச் சொல்றது?"

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நாளையிலேருந்து நீயும் பந்தாடப் போ" என்றார்.

"எனக்கு ஆடத் தெரியாதுப்பா."

"உன்னை யாரு ஆடச் சொன்னா? போயி நில்லு. அவன்கிட்ட பேசின, அப்புறம் வீட்டுக்குள்ள காலை வைக்காத."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. பேசாவிட்டால் போகிறான், பக்கத்தில் நிற்கலாமே! ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வாய் தவறியாவது பேசிவிடுவான் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை வருஷம் ஆடினேன். பரிசாகக் கொடுக்கிற கோப்பையும் ஆட்டுக்கெடாவும் யாருக்கு வேண்டும்?

கேப்டன் என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கே நிறுத்துவது என்று யோசிக்கக்கூட இல்லை. கோலுக்கு முன்னால், அண்ணனுக்கு நேரே, பேக்காக நிறுத்தினார். "பங்காளிங்க ரெண்டு பேரும் ஒண்ணா நில்லுங்க. பங்காளி நின்னா எவன்டா உள்ள வருவான்?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் கோல் போஸ்ட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கால்பந்து தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேக்கும் கீப்பரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பந்து நடுவில் வரும்போது யார் எடுப்பது என்று கீப்பர்தான் கத்திச் சொல்ல வேண்டும். 'விடு' என்றால் பேக் ஒதுங்க வேண்டும், 'அடி' என்றால் அடிக்க வேண்டும். என் கீப்பர் எனக்கு வாயைத் திறக்க மாட்டான். ஆரம்பத்தில் ரைட் பேக்கிடம் சொல்லி அனுப்பினான். "அவன விடச் சொல்லு!" என்று இவன் கத்த, ரைட் பேக் என் பக்கம் திரும்பி "உன்னை விடச் சொல்றான்!" என்று கத்துவதற்குள் கோல் விழுந்திருக்கும். எதிர் டீம்காரன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மைக்கில் பேசுகிறவன், "இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஆடுகிறார்" என்பான். எனக்கு ரத்தம் கொதிக்கும். யார்மேல் கோபப்படுவது?

அப்பா கரையில் நின்று ஆட்டம் பார்ப்பார். ஊர் அவரைப் பெரிய ரசிகர் என்று நினைத்தது. அவர் பந்தைப் பார்த்ததே இல்லை. நான் ரோட்டுப் பக்கம் நிற்கிறேனா என்பதை மட்டும் பார்ப்பார். ஒரு நாள் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பாதி ஆட்டத்துல ஏன்டா அந்தப் பக்கம் போன?"

"ஹாஃப் டைம்ப்பா. பக்கம் மாத்துவாங்க."

"எவன்டா மாத்துனது? அவன் அப்பன் சொல்லி மாத்தியிருப்பான். நீ ஏன் மாறுன?"

என்னத்தைச் சொல்ல! காய்ச்சலில் படுத்தாலும் விட மாட்டார். "அங்க போயி படு" என்பார். பெரியப்பா வீட்டிலும் இதே கூத்துதான் என்று அம்மா சொல்வார். அண்ணனுக்குக் கையில் தையல் போட்டிருந்தபோதுகூட அவனைக் கிரவுண்டில் உட்கார வைத்துவிட்டுப் போனார் பெரியப்பா. அனுபோகம் போய்விடுமாம்.

இவ்வளவு திட்டுகிறேனே, ஆனால் அந்த நாட்களைப் போலச் சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினால் மண் இளஞ்சூடாக இருக்கும். மூன்று பக்கமும் சம்பா பச்சையாக நிற்கும். பந்து பயிருக்குள் போனால் போட்டவன்தான் எடுக்க வேண்டும். முழங்கால் வரை சேறோடும் கெண்டைக்காலில் அட்டையோடும் வருவான். வயல்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசுவார். உரக்கடை பெயர் போட்ட பனியனில் பாதிப் பேருக்கு நம்பர் கிடையாது. இடைவேளையில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு வாளியில் வரும், ஒரே டம்ளர்தான். அண்ணன் குடித்ததும் டம்ளரை என் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பான். அவன் எனக்குக் கொடுப்பான். அண்ணன் எப்போதும் பாதியை வைத்துத்தான் கொடுத்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவேன்.

கொஞ்ச நாளில் எனக்கு அவன் சத்தமே தேவைப்படவில்லை. பின்னால் அவன் கால் மண்ணில் அழுந்துகிற ஒலியை வைத்து, வருகிறானா நிற்கிறானா என்று கண்டுபிடித்துவிடுவேன். மூச்சை இழுத்தால் வருகிறான் என்று அர்த்தம், ஒதுங்கிவிடுவேன். அவனும் என் தோள் சாய்கிற பக்கத்தைப் பார்த்து இடத்தை மாற்றுவான். வார்த்தை இல்லாமல் ஆடி ஆடி, இந்தத் தாலுக்காவிலேயே தாண்ட முடியாத ஜோடி என்று பெயர் வாங்கினோம். கேப்டனுக்கு ஏகப் பெருமை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் அப்பாவோடு கோர்ட்டுக்குப் போய் வருவேன். சாயங்காலம் கிரவுண்டுக்குள் காலை வைத்ததும் கேட்பார்கள்.

"என்னாச்சு? தீர்ப்பா?"

"இல்ல, தள்ளி வச்சுட்டாங்க."

கோல் போட்ட மாதிரி குதிப்பார்கள். ஒருத்தன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். என் வீட்டில் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். இவன்களுக்குத் தேங்காய்! நானும் அந்தத் தேங்காயைத் தின்றேன், என்ன செய்வது? பசிக்குமே.

நடுவில் பெரியப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்தார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. முடிந்தது, எல்லாம் முடிந்தது, இன்றைக்கு அண்ணன் என்னிடம் பேசிவிடுவான் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார். திரும்பி வந்து வேட்டியை அவிழ்த்துக் கொடியில் எறிந்தார். "சாகட்டும்" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் யாரைப் பார்த்தார் என்பது ரொம்ப வருஷம் கழித்து டீக்கடையில்தான் தெரிந்தது. கேப்டனே சொன்னார், பெரிய சாமர்த்தியம் செய்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே. "உங்கப்பா வந்து நின்னாரு. மாமா, நீங்க எப்ப வருவீங்கன்னு ஆஸ்பத்திரியில எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க, வந்தா கால்ல விழ வச்சு ரோட்டுப் பக்கத்த எழுதி வாங்கிக்கலாம்னு பேசிக்கிறாங்கன்னு ஒரு போடு போட்டேன். ஆளு அப்படியே திரும்பிட்டாரு. அந்த வருஷம் செமிஃபைனல் இருந்துச்சுல்ல? ரெண்டு பேரும் ராசியாயிட்டா கிரவுண்டுக்கு எங்க போறது?"

அடப்பாவி! கையிலிருந்த டீ டம்ளரை அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். டீ சூடாக இருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் செமிஃபைனலில் ஜெயித்தோம், ஃபைனல் வேறு ஊரில். அறுத்த வயலில் கயிறு கட்டி, மைக் செட் வைத்து, தப்பு மேளம் அடித்துக்கொண்டு திருவிழா மாதிரி கூட்டம். முதல் பரிசு ஒரு கெடா. அதை மேடைப் பக்கத்தில் கட்டி மாலை போட்டிருந்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஒன்றுக்கு ஒன்று. இடது பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்து எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் இறங்கியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு அவன் காலடிக்காகக் காத்தேன். தப்புச் சத்தம் காதை அடைத்தது. மைக்கில் வேறு ஒருவன் ஊளையிட்டான். காலடி கேட்கவில்லை, மூச்சும் கேட்கவில்லை. நிற்கிறான் என்று நினைத்து எம்பினேன். அவனும் எம்பியிருக்கிறான். அவன் முட்டி என் கழுத்துக்குக் கீழே இறங்கியது. காறை எலும்பு முறிகிற சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது.

நான் தரையில் கிடந்தேன். அண்ணன் எனக்கு மேலே நின்றான். அவன் உதடு துடித்தது, நான் கண்ணால் பார்த்தேன். 'பேசுடா, இப்பவாவது பேசித் தொலைடா' என்று மனசுக்குள் கத்தினேன். அவன் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் எடுத்து வந்தான். வந்து, கேப்டன் கையில் கொடுத்தான். "குடுங்க அவனுக்கு" என்றான். எலும்பு முறிந்த வலியெல்லாம் ஒரு வலியா?

ஆஸ்பத்திரிக்கு அப்பா வக்கீலோடு வந்தார். அண்ணன் வேண்டுமென்றே மோதினான் என்று போலீஸில் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் கேஸுக்குப் பலமாம். "அப்படிச் சொல்ல மாட்டேன். பந்துக்குத்தான் வந்தான்" என்றேன்.

"அவன் உன் எலும்ப ஒடச்சிருக்கான்டா, வெட்கமா இல்ல உனக்கு?"

"இல்லப்பா."

அதற்குப் பிறகு அப்பாவும் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. நான் சொன்னது ஊர் பூராவும் பரவியது, அண்ணன் காதுக்கும் போயிருக்கும். கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். பைக்கில் போவான். வேகத்தைக் குறைப்பான், நிறுத்த மாட்டான். டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் எலும்பு கூடிவிட்டது என்று போட்டேன். எல்லோரும் கை தூக்கி வாழ்த்தினார்கள். அவன் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் இருந்தது.

கடைசியில் கேஸ் முடிந்தது. இரண்டு கிழவர்களும் களைத்துவிட்டார்கள், வக்கீல்களே சமாதானம் பேசினார்கள். ரோட்டிலிருந்து உள்ளே வரைக்கும் நீளவாக்கில் பிரித்தால் இரண்டு பேருக்குமே ரோடு கிடைக்கும் என்று தீர்மானம் ஆனது. வெளங்கும்! மாடு மேய்க்கிற பிள்ளைகூட முதல் நாளே சொல்லியிருக்கும் இதை. ஒரு கோல் போஸ்ட்டிலிருந்து மறு கோல் போஸ்ட் வரைக்கும் வரப்பு வெட்டினார்கள். மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார்கள். மேட்டூர் தண்ணீர் வந்தது, டிராக்டர் இறங்கியது, நாங்கள் ஆடிய மண் சேறாகிக் குழம்பியது. கேப்டன் ரோட்டில் நின்று மூக்கைச் சிந்தினார். அவர் அழுததைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

நடவு அன்று அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், புது வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன். நான் போய், "அண்ணே" என்றேன். நாற்று முடிக் கட்டை எடுத்து வீசுவதற்காகக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கேஸ் முடிந்துவிட்டது, தலைமேல் அடித்த சத்தியத்தை யாரும் திருப்பி வாங்கவில்லை. பெரியப்பாவுக்கு அது ஞாபகம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. கேஸ் முடிந்தால் அண்ணன் கிடைத்துவிடுவான் என்று இருந்தேன். கேஸ் நடந்தவரைக்கும் தினமும் சாயங்காலம் எனக்குப் பின்னால் நின்றவனும் இப்போது இல்லை. முட்டாப்பயல் நான், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவனுக்கு இருந்த அறிவுகூட எனக்கு இல்லை.

கிரவுண்டு போனதும் டீம் சிதறியது. அண்ணனை டவுன் டீம் அழைத்துக்கொண்டது. கேப்டனும் நானும் பக்கத்து ஊர் டீமில் ஒட்டிக்கொண்டோம். போன அறுப்புக்குப் பிறகு ஒரு டோர்னமெண்டில் இரண்டு டீமும் மோதின. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனை எதிர்ப் பக்கத்தில் பார்த்தேன். கொஞ்சம் தொந்தி விழுந்திருந்தது, முன் தலை ஏறியிருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு குரல் கேட்டது. "ஏறு, ஏறு! இடது பக்கம் பாரு! அடிச்சு விடுடா!" யாருடா இது என்று திரும்பிப் பார்த்தால் என் அண்ணன். அவனுக்கு முன்னால் பேக்காக ஒரு சின்னப் பையன், மீசை முளைக்காதவன். அவனிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தான். திட்டினான், தட்டிக்கொடுத்தான், சிரித்தான். இப்படி ஒரு குரலா இவனுக்கு! இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தான்? அந்தப் பையனை அப்படியே சேற்றில் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது எனக்கு. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நேரத்தில் எங்களுக்குக் கார்னர் கிடைத்தது. "நீ மேல போடா, தலைக்கு வந்தா அடி" என்று கேப்டன் என்னைத் தள்ளிவிட்டார். கார்னர் வந்தது, இரண்டு மூன்று தலையில் பட்டுத் தெறித்து, சரியாக என் காலடியில் விழுந்தது. எனக்கு முன்னால் கோல் திறந்து கிடந்தது. அந்தச் சின்னப் பையன் பதறி என் குறுக்கே காலை நீட்டினான். அண்ணன் கோல் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்தான்.

"தம்பி, விடுடா! நான் பாத்துக்கிறேன்!"

என் கால் பின்னுக்குப் போனது. நான் இழுக்கவில்லை, அதுவாகப் போனது. ஒதுங்கி நின்றேன். அண்ணன் என் பாதத்துக்கு முன்னால் விழுந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டான். எழுந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அந்தப் பையனின் தோளைத் தட்டி, "மேல ஏறுடா" என்று சொல்லிப் பந்தை அவன் காலுக்கு உருட்டினான்.

கேப்டன் பாதி கிரவுண்டைத் தாண்டி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"வெறும் கோலுடா! கண்ணு தெரியாதவன்கூட அடிப்பான்! ஏன்டா விட்ட?"

"அண்ணன் விடச் சொன்னான்" என்றேன்.